ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் கலை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் நாடகமும் மணக்கும் இவ்விழா மேடையில், பல்கலைக் கழகத்தில் ஓர் இளம் பௌதிக ஆசிரியரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பௌதிகம் என்று நம் தலைமுறை பழகிய சொல்லை இன்றைய பாடநூல்கள் இயற்பியல் என்கின்றன. அதிலும் கோட்பாட்டுப் பௌதிகம் என்னும் பிரிவே நம் பேச்சின் பொருள். ஆய்வுக்கூடத்தில் கருவிகளோடு உழைப்பவர் ஒரு வகை அறிஞர். தாளும் எழுதுகோலும் கணிதமும் கொண்டு இயற்கையின் விதிகளை ஆராய்பவர் மற்றொரு வகை அறிஞர். இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியே பேசுகின்றோம்.

இப்பொருள் இந்த மேடைக்கு ஏற்றதோ என்று சிலர் ஐயுறலாம். கொல்கத்தா நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் காட்டிலும் இதற்கு ஏற்ற அவை வேறெங்கே உண்டு? இந்நகரில்தான், மத்திய நிதித் துறை அதிகாரியாக 1907-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த ஒரு தமிழர், அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் அரசாங்க உத்தியோகத்தை விட்டு, சம்பளம் குறைவென்று அறிந்தும், பல்கலைக் கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். அவரே சர் சி. வி. இராமன். 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவரைத் தேடி வந்த கதை நம் குழந்தைகளுக்கும் தெரியும். அவரைத் தேடிப் பிடித்தவர் யார், எப்படிப் பிடித்தார் என்பதையோ நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாலை சூடியவரைப் பாடுகின்றோம். மாலை தொடுத்தவரை மறந்து விடுகின்றோம்.

மாலை தொடுத்தவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. அவர் கணித அறிஞர். உயர் நீதிமன்ற நீதிபதி. 1906 முதல் 1914 வரை கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர். தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் தம் வாழ்நாளில் ஈட்டிய பெரும் பொருளை விஞ்ஞானக் கல்விக்கென்று ஈந்தனர். அந்தக் கொடையைக் கொண்டு எழுந்ததே இன்று ராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரி என்று வழங்கும் நிலையம். 1914-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழுப்பக் கல்லும் சுண்ணாம்பும் போதும். ஆசிரியரை எங்கிருந்து கொண்டு வருவது? அக்காலத்தில் மேலை நாட்டில் பௌதிகம் தலைகீழாக மாறிக் கொண்டிருந்தது. சார்புக் கொள்கையும் குவாண்டம் கொள்கையும் பிறந்து, பழைய நூல்களெல்லாம் பழமையாகி விட்டன. புதியவற்றைக் கற்பிக்க வல்லவர் இந்நாட்டில் இலர். முதலாம் உலகப் போர் மூண்டு விட்டதால் புதிய ஜெர்மன் நூல்களும் ஏடுகளும் வந்து சேரவில்லை.

அந்த வேளையில் ஆசுதோஷ் செய்தது துணிவான செயல். 1915-இல் எம். எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்ற சத்தியேந்திர நாத போஸையும், இரண்டாம் இடம் பெற்ற மேகநாத சாகாவையும் அழைத்து, விஞ்ஞானக் கல்லூரியில் பணியில் அமர்த்தினார். இருவருக்கும் வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. இருவரும் கடல் கடந்தவர் அல்லர். இருவருக்கும் டாக்டர் பட்டம் இல்லை. தாங்கள் கற்பிக்க வேண்டிய பாடத்தைத் தாங்களே முதலில் கற்றுக் கொள்ள வேண்டிய நிலை! சிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த புரூல் என்னும் ஐரோப்பிய ஆசிரியரிடம் ஜெர்மன் நூல்களை இரவல் வாங்கினார்கள். அவற்றைப் படிப்பதற்கென்றே அம்மொழியைப் பயின்றார்கள். சில ஆண்டுகளுக்குள், 1920-இல், ஐன்ஸ்டைனும் மின்கோவ்ஸ்கியும் சார்புக் கொள்கை பற்றி எழுதிய கட்டுரைகளை இவ்விரு இளைஞரும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தாப் பல்கலைக் கழகம் அதனை நூலாக வெளியிட்டது.

சாதாரணத் தேர்வுக் குழு ஒன்று இவ்விருவரையும் 1916-இல் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? “அனுபவம் போதாது, வெளியீடு இல்லை, அடுத்த முறை வாருங்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்கும். ஆசுதோஷ் கண்டது அவர்கள் செய்து முடித்ததை அன்று; செய்யப் போவதையே கண்டார். இளம் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதன் சாரம் இதுவே. முதிர்ந்த பேராசிரியரைத் தேர்வது, காய்த்துக் குலுங்கும் மரத்தை விலை பேசுவது போன்றது; இளம் ஆசிரியரைத் தேர்வதோ விதையைக் கையில் வைத்து மரத்தைக் காண்பது.

போஸின் கதை இத்துடன் முடியவில்லை. 1921-இல் டாக்காப் பல்கலைக் கழகம் தொடங்கிய போது, அவர் அங்கே ரீடராகச் சென்றார். 1924-இல் வெப்பக் கதிர்வீச்சைப் பற்றிய பிளாங்கின் விதியை மாணவர்க்குக் கற்பிக்கையில், அதனை வருவிக்கும் வழியில் இருந்த முரண் அவர் மனத்தை உறுத்தியது. பாதி பழைய கொள்கை, பாதி புதிய கொள்கை என்று ஒட்டுப் போட்டிருந்த அந்த வழியை விடுத்து, ஒளித்துகள்களை எண்ணுவதற்கே புது முறை ஒன்றை வகுத்தார். இங்கிலாந்தின் ஏடு ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை வெளிவரவில்லை. 1924 ஜூன் மாதம் 4-ஆம் நாள் அதனை ஐன்ஸ்டைனுக்கே அஞ்சலில் அனுப்பினார். அந்த மாமேதை தம் கைப்படவே ஜெர்மனில் மொழிபெயர்த்து, அது சிறந்த முன்னேற்றம் என்ற குறிப்புடன் வெளியிடச் செய்தார். அடிப்படைத் துகள்களில் ஒரு பெரும் வகுப்புக்கே இன்று போசான் என்று பெயர். அப்பெயர் இந்நகரின் மைந்தர் ஒருவருடைய பெயரே என்பதை எண்ணும்போது நமக்கும் பெருமிதம் பிறக்கின்றது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டுகின்றோம். ஒன்று, அக்கண்டுபிடிப்பு வகுப்பறையிலே பிறந்தது. பாடம் சொல்வது ஆராய்ச்சிக்கு இடையூறு என்று கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக. மற்றொன்று, 1924-க்கு முன் போஸ் வெளியிட்ட கட்டுரைகள் விரல் விட்டு எண்ணத் தக்கவை. கட்டுரைகளை எண்ணிப் பார்த்தே ஆளை எடை போடும் துலாக்கோலில் அவரை நிறுத்தியிருந்தால் தட்டு மேலெழுந்திருக்கும்.

இவ்வளவு புகழுடன் ஐரோப்பாவிலிருந்து 1926-இல் திரும்பியவருக்குப் பேராசிரியர் பதவி எளிதில் கிட்டியதோ? இல்லை. டாக்டர் பட்டம் இல்லை என்பது தடையாக நின்றது. நண்பர்கள் சொற்படி ஐன்ஸ்டைனிடம் பரிந்துரைக் கடிதம் பெற வேண்டியதாயிற்று. அதன் பின்னரும், முதல் அழைப்பு தேவேந்திர மோகன் போஸ் என்னும் மற்றோர் அறிஞருக்கே சென்றது. அவர் ஏற்க மறுத்த பின்னரே சத்தியேந்திர நாதருக்கு அப்பதவி வந்தது. உலகமே வியந்த ஒரு கட்டுரை, ஒரு பட்டத்தாளுக்கு முன் காத்து நின்றது!

இனி நம் தமிழர் ஒருவரின் கதைக்கு வருவோம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் கேம்பிரிட்ஜ் சென்றவர். விண்மீன்கள் எரிந்து அடங்கிய பின் அவற்றின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணித வழியில் நிறுவினார். 1935 ஜனவரியில் இலண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில், அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் அம்முடிவை எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். இருபத்து நான்கு வயது இளைஞர்! பெரியவர் ஒருவர் வெளிப்படையாகப் பழித்த இளைஞருக்கு வேலை தர யார் முன்வருவர்? முன்வந்தவர் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானோக்கு நிலையத்தின் தலைவர் ஓட்டோ ஸ்துரூவே. அந்நிலையம் சிக்காகோப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்தது. 1937 ஜனவரியில் சந்திரசேகர், புது மணப்பெண்ணாகிய லலிதா அம்மையாருடன் அங்கே சென்று ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு உதவிப் பேராசிரியரானார்.

பல்கலைக் கழக வளாகத்தில் அவர் வகுப்பு நடத்துவதற்கு அங்கிருந்த பெரிய அதிகாரி ஒருவர் தோலின் நிறத்தைக் காரணமாகக் கொண்டு மறுப்புச் சொன்னதாக வரலாறு கூறுகின்றது. பல்கலைக் கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அம்மறுப்பைப் புறக்கணித்தார். சந்திரசேகரோ 1995-இல் மறையும் வரை அப்பல்கலைக் கழகத்தை விட்டு நீங்கவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தது. நியமனம் நடந்த 1937-க்கும் பரிசு வந்த 1983-க்கும் இடையே 46 ஆண்டுகள்! தேர்ந்தெடுத்தவரின் தெளிவுக்கு அந்த 46 ஆண்டுகளே சான்று.

அன்பர்களே! இக்கதைகளைக் கேட்டவுடன், “விதிகளே வேண்டாம், ஆசுதோஷைப் போன்ற ஒரு பெரியவரிடம் பொறுப்பை ஒப்படைத்து விட்டால் போதும்” என்று தோன்றும். அங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். தனி மனிதரின் விருப்பத்துக்கு விட்ட அதிகாரம், ஆசுதோஷின் கையில் போஸையும் சாகாவையும் இராமனையும் தந்தது. அதே அதிகாரம் சிறியோர் கையில் சேர்ந்தால் மைத்துனனையும் மருமகனையும் தரும். கடிதம் கொண்டு வந்தவனைத் தரும். காசு கொண்டு வந்தவனையும் தரும். பரிந்துரைக்க ஆளில்லாத ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும், கல்வியில் முதல் தலைமுறையாக வந்த பெண்ணும் வாயிலிலேயே நிற்க நேரிடும். அவர்களைக் காக்கவே விதிகள் தோன்றின. விதி கண்ணில்லாதது என்று பழிக்கின்றோம். கண்ணில்லாமை காரணமாகவே அது முகம் பார்ப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தார். ஆளை ஆராய்ந்து நம்புவதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம், ஆராய்ந்த ஆளிடம் வேலையை ஒப்படைப்பதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். இவை 51-ஆம், 52-ஆம் அதிகாரங்கள். இவற்றை அடுத்து நிற்கும் 53-ஆம் அதிகாரமோ ‘சுற்றந்தழால்’. சுற்றத்தாரைத் தழுவிக் கொள்வது அறமே. ஆயினும் அதற்கென்று தனி இடம் உண்டு, ஆளைத் தேர்வதற்கென்று தனி இடம் உண்டு என்று பகுத்துக் காட்டுவது போல இவ்வரிசை நமக்குத் தோன்றுகின்றது. இரண்டையும் கலந்து விட்டால் உறவும் கெடும், வினையும் கெடும்.

இன்றைய நடைமுறையைச் சிறிது பார்ப்போம். பல்கலைக் கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகள், உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு ஒரு குழுவை அமைத்தன. துணைவேந்தர் தலைவர், வேந்தரோ பார்வையாளரோ நியமிக்கும் அறிஞர் ஒருவர், பாட வல்லுநர் மூவர், புலத் தலைவரும் துறைத் தலைவரும் உறுப்பினர். பட்டங்களுக்கும் கட்டுரைகளுக்கும் மதிப்பெண் உண்டு. ஆயினும் அம்மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பவரைச் சலித்தெடுக்க மட்டுமே. இறுதித் தேர்வு நேர்காணலில் காட்டும் திறமையைப் பொறுத்தது என்று அவ்விதிகள் கூறின. ஆராய்ச்சி நிலையங்களிலோ, விண்ணப்பதாரரை அறிந்த அறிஞர்களிடம் கருத்துக் கடிதங்கள் பெற்று, அவரை அழைத்து ஒரு மணி நேரம் உரையாற்றச் செய்து, குறுக்குக் கேள்விகள் கேட்டு, அதன் பின் முடிவு செய்யும் வழக்கம் உள்ளது.

ஒன்று விதியின் வழி. மற்றொன்று மதிப்பீட்டின் வழி. முதலாவது வழியில், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே சில நிமிட நேர்காணலில் ஒருவரை எடை போட வேண்டிய அவலம் உண்டு. இரண்டாவது வழியில், புகழ் பெற்ற ஆசிரியரிடம் பயின்றவர்க்கே கடிதங்கள் கனமாக அமையும் குறை உண்டு. இரண்டையும் இணைப்பதே அறிவுடைமை என்பது நம் கருத்து. விதி, வாயிலை எல்லோர்க்கும் திறந்து வைக்கட்டும்; உள்ளே வந்தவர்களுள் தக்கவரைக் காண, கண்ணுடைய பெரியோர் நேரம் செலவிட்டு ஆராயட்டும்.

எவ்வாறு ஆராய்வது? மூன்று சோதனைகளைக் கூறுகின்றோம்.

முதலாவது, கரும்பலகைச் சோதனை. கோட்பாட்டுப் பௌதிகத்தில் காட்டுவதற்குக் கருவி இல்லை. கட்டிய இயந்திரம் இல்லை. அறிவு முழுவதும் சிந்தனையிலே உள்ளது. ஆகவே, விண்ணப்பதாரர் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, பட்ட வகுப்பு முதலாண்டு மாணவனுக்குரிய ஒரு பாடத்தை விளக்கச் சொல்ல வேண்டும். ஊசல் ஏன் ஆடுகின்றது, வானம் ஏன் நீலம் என்பன போன்ற கேள்விகள் எளியவை அல்ல. அடிப்படையை அறிந்தவர் எளிமையாகச் சொல்வார். மனப்பாடம் செய்தவர் சமன்பாடுகளுக்குப் பின்னே ஒளிந்து கொள்வார்.

இரண்டாவது, ஒரு கட்டுரைச் சோதனை. “உம் கட்டுரைகள் எத்தனை?” என்று கேட்பதை விட்டு, “உமக்கு மிகவும் நிறைவு தந்த கட்டுரை எது?” என்று கேட்க வேண்டும். அந்த ஒன்றைக் குழுவினர் முன்னதாகவே படித்து வர வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக் கழகத்தில் 1960-இல் விரிவுரையாளரான பீட்டர் ஹிக்ஸ், 1964-இல் எழுதிய சிறு கட்டுரைகளே அவர் பெயரை நிலைநாட்டின. அவர் முன்னுரைத்த துகள் 2012-இல் ஜெனிவா ஆய்வு நிலையத்தில் தென்பட்டது. 2013-இல் நோபல் பரிசு வந்தது. அதன் பின்னர் அவர் எழுதியவை மிகச் சில. இன்றைய அளவுகோல்படி தமக்குப் பல்கலைக் கழக வேலையே கிடைத்திராது என்று அவரே 2013-இல் கூறினார். அத்துகளின் பெயரிலும் போஸ் இருக்கின்றார் என்பதைக் காண்க!

மூன்றாவது, நாளைச் சோதனை. “அடுத்த ஐந்தாண்டில் நீர் விடை காண விரும்பும் கேள்வி யாது? அதிலே ஒரு சிறு பங்கை நம் ஊர் மாணவனிடம் எப்படிக் கொடுப்பீர்?” என்று வினவ வேண்டும். இக்கேள்விக்கு விடை உடையவரே, தாம் ஓங்கி வளர்வதோடு, தம் நிழலில் பிறரையும் வளர்ப்பார்.

இவ்வளவு சிரமம் ஏன் என்பீராயின், கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பத்திரண்டு வயதில் பணியேற்பவர், மத்தியப் பல்கலைக் கழகமாயின், அறுபத்தைந்து வயது வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள் கற்பிப்பார். ஆண்டுக்கு முப்பது மாணவர் என்று கொண்டாலும் ஏறத்தாழ ஆயிரம் பேர் அவர் கை வழியே செல்வர். ஒரு பிற்பகலில் செய்யும் தவறு ஆயிரம் பிள்ளைகளின் தலையில் விடியும். ஒரு பிற்பகலில் செய்யும் நன்மையும் அவ்வாறே ஆயிரமாகப் பெருகும்.

இறுதியாக, நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள். நம் குடியிருப்பில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் உண்டு. டாக்டர் பட்டம் பெறவே ஐந்தாறு ஆண்டுகள்; அதன் பின் ஈராண்டு ஓரூர், ஈராண்டு வேற்றூர் என்று தற்காலிக ஆராய்ச்சிப் பணிகள்; நிலையான வேலை கிட்டும்போது முப்பது வயது கடந்திருக்கும். உடன் படித்தவர் கம்பெனி உத்தியோகத்தில் அமர்ந்து வீடு கட்டியிருப்பர். “எப்போது வேலை? எப்போது கலியாணம்?” என்று உறவினர் கேட்கும் கேள்வி, தேர்வுக் குழுவின் கேள்விகளைக் காட்டிலும் கடுமையானது. தாய்மார்களை வேண்டிக் கொள்கின்றோம்: அக்கேள்வியைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடுங்கள். குறிப்பாகப் பெண் மக்களிடம், திருமணத்தின் பெயரால் படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அதே சமயம் வீண் நம்பிக்கையும் வேண்டா. விண்ணப்பிப்பவர் பலர், இடங்கள் சில. தக்கவர் பலரும் இடம் பெறாமல் போவதுண்டு. அவர்கள் தோற்றவர் அல்லர். அவர்கள் கற்ற கணிதமும் சிந்திக்கும் முறையும் எத்தொழிலிலும் துணை நிற்கும். வேலை கிட்டாத பிள்ளையை வீட்டாரே குறைவாக எண்ணுவது, தேர்வுக் குழு செய்யும் அநீதியினும் பெரிய அநீதி.

மற்றொன்றும் சொல்வோம். நம்மில் பலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கின்றோம். அந்த நாற்காலியில் அமரும்போது, எதிரே நிற்கும் இளைஞர் நம் மொழியினரா, நம் ஊரினரா என்று கணக்கிடாமல் இருப்பது நம் கடமை. இராமனைத் தேர்ந்தெடுத்த வங்காளப் பெரியவர் அவ்வாறு கணக்கிட்டிருந்தால் இன்று நாம் பெருமை பேச ஒன்றும் இருந்திராது. விருதுநகர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனை 1928-இல் ரீடராக அழைத்துக் கொண்டதும் வங்க மண்ணின் டாக்காவே. அயலூரில் வாழும் நாம் பெற்ற இக்கடனை, அயலாரின் பிள்ளைக்கு நீதி வழங்கியே தீர்க்க முடியும்.

விதையைக் கண்டு மரத்தை அறியும் கண் நமக்கு வாய்க்கட்டும்! நம் இளைஞர் சென்று நிற்கும் வாயில்களிலெல்லாம் அத்தகைய கண்ணுடையோர் அமர்ந்திருக்கட்டும்! சங்கம் வளர்க! இந்நகர் வாழ்க!